தவறான அவுட்புட்டுக்கும் ஒரு நோட்டு வேண்டும்!



நம்ம கம்ப்யூட்டர் லேபில் ஒரு பீரியடில் அதிகமாகக் கேட்கும் வாக்கியம் எது தெரியுமா? "மிஸ், எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா அவுட்புட் மட்டும் தப்பா வருது!" இதுக்குத்தான் முதல் பரிசு. இரண்டாம் பரிசு, "உன்னோடதைக் காட்டுப்பா, பார்த்து மாத்திக்கிறேன்" என்பதற்கு. மூன்றாவது, வாக்கியம் இல்லை... சத்தம்! எங்கே தப்பு என்று தெரியாமலே ஒரு வரியை அழிப்பது, வேறொன்றைப் போடுவது, ரன் கொடுப்பது, மறுபடி அழிப்பது. அந்த கீபோர்டு சத்தம்.

இதில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். புரோகிராம் தவறான விடை கொடுத்தால், அதைத் திருத்தக் கை வைக்கும் முன்னால், அதற்குள் இருக்கும் தகவலைத் திறந்து பார்க்க வேண்டும். இருக்க வேண்டியதோடு அதை ஒப்பிட வேண்டும். பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். இந்தப் பழக்கத்துக்கு நம் லேபில் இன்று இடமே இல்லை. அந்த இடம் வேண்டும் என்பதே என் கருத்து.

தப்பு இரண்டு வகை

முதல் வகை, கோலனை விட்டுவிடுவது, அடைப்புக்குறியை மூடாமல் விடுவது. இதைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த வரியில் என்று கம்ப்யூட்டரே கத்திச் சொல்லிவிடும்.

இரண்டாவது வகைதான் ஆபத்து. எரர் எதுவும் வராது. புரோகிராம் சமர்த்தாக ஓடும். ஆனால் விடை தப்பு. பல நேரம் நாம் எழுதிய வரிகள் சரியாகவே இருக்கும். வேரியபிளுக்குள் நாம் இருப்பதாக நினைக்கும் தகவல் ஒன்று, உண்மையில் இருப்பது வேறொன்று! வரிகளை எத்தனை முறை முறைத்துப் பார்த்தாலும் இந்தத் தப்பு கண்ணில் படாது. ஏனென்றால் அது வரியில் இல்லை.

ஒரே ஒரு எண் இருக்கும் வேரியபிள் என்றால் பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். +2-வில் பைதான் படிக்கும்போது லிஸ்ட் வருகிறது, டிக்ஷனரி வருகிறது, டிக்ஷனரிக்குள் லிஸ்ட் வருகிறது. வெங்காயம் மாதிரி தோலுக்குள் தோல். இங்கேதான் சிக்கலே.

வார இதழ்களில் "ஆறு வித்தியாசங்கள்" என்று இரண்டு படம் போடுவார்களே, அதே மாதிரி இதைப் பாருங்கள். ஒரு மாணவரின் விவரம், இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது:
{'எண்': 14, 'வகுப்பு': '12', 'ஊர்': 'கோவை ', 'மதிப்பெண்': [78, 85, 91]}

இரண்டாவது:
{'எண்': 14, 'வகுப்பு': 12, 'ஊர்': 'கோவை', 'மதிப்பெண்': [78, 91, 85]}

எத்தனை வித்தியாசம்? மூன்று. (விடையைத் தலைகீழாக அச்சடிக்கவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன்!)

ஒன்று, முதலாவதில் 12 என்பது மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. அது எண் இல்லை, எழுத்து. இன்புட் வாங்கினால் பைதான் எப்போதும் எழுத்தாகத்தான் தரும், நாம்தான் இன்ட் போட்டு மாற்ற வேண்டும். இரண்டு, கோவைக்குப் பின்னால் ஒரு காலி இடம். மூன்று, மதிப்பெண்களின் வரிசை. யாரோ நடுவில் சார்ட் செய்துவிட்டார்கள். அதனால் மூன்றாவது பாடத்தின் 85 இரண்டாவது பாடத்துக்குப் போய்விட்டது. மொத்தம் மாறாது, சராசரியும் மாறாது. ஆனால் இயற்பியல் மார்க் வேதியியலுக்குப் போனால் யாராவது சும்மா இருப்போமா?

இப்போது இந்த விவரங்களைத் தனித்தனியாகப் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். 12 என்றால் இரண்டு இடத்திலும் 12 தான். கோவை என்றால் இரண்டு இடத்திலும் கோவைதான். ஆனால் இரண்டும் சமமா என்று == போட்டுக் கேட்டால் "ஃபால்ஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். எங்கே, எது, எவ்வளவு என்று எதுவும் சொல்லாது. பரீட்சைப் பேப்பரில் எந்தக் கேள்விக்கு மார்க் குறைந்தது என்று போடாமல் "ஃபெயில்" என்று மட்டும் எழுதித் தந்த மாதிரி!

எப்படிப் பார்ப்பது?

முதலில், முழுசாகப் பார்க்க வேண்டும். டிக்ஷனரியிலிருந்து ஊரை மட்டும் எடுத்துப் பிரிண்ட் செய்தால் மேற்கோள் குறி இல்லாமல் வரும், காலி இடம் தெரியாது. டிக்ஷனரியை அப்படியே பிரிண்ட் செய்தால் உள்ளே இருக்கும் எழுத்துகள் மேற்கோள் குறியோடு வரும், குட்டு வெளிப்படும். தனி வேரியபிளாக இருந்தால் பைதானில் 'ரெப்ர்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அது எழுத்தை மேற்கோளோடு காட்டும். ஃபைலிலிருந்து வாசித்த வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் வரிமுடிவுக் குறியைக்கூடக் காட்டிக் கொடுத்துவிடும். பெரிய டிக்ஷனரி என்றால் 'பிபிரிண்ட்' என்ற மாட்யூல் வரிவரியாக அடுக்கி அழகாகக் காட்டும்.

அடுத்து, படிப்படியாக ஒப்பிட வேண்டும். கண்ணால் மேய்ந்தால் 40 பேர் பட்டியலில் ஒன்றும் பிடிபடாது. இந்த வரிசையில் போனால் தப்ப முடியாது:

1. இரண்டும் ஒரே வகையா? 'டைப்' போட்டுப் பார்க்கவும்.
2. இரண்டின் நீளமும் ஒன்றா? 'லென்' போட்டுப் பார்க்கவும்.
3. டிக்ஷனரி என்றால், ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத கீ எது?
4. இரண்டிலும் இருக்கும் கீக்களில், மதிப்பு மாறுவது எது? மாறுவதை மட்டும் பிரிண்ட் செய்யவும்.
5. அந்த மதிப்பும் லிஸ்ட்டோ டிக்ஷனரியோ என்றால், அதற்குள் போய் மறுபடி 1-லிருந்து ஆரம்பிக்கவும்.

அவ்வளவுதான். ஒரு சின்ன லூப்பில் எழுதிவிடலாம். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். டிக்ஷனரிகளை ஒப்பிடும்போது வரிசை முக்கியமில்லை. லிஸ்ட்டுகளை ஒப்பிடும்போது வரிசை முக்கியம்.

+1-இல் சி பிளஸ் பிளஸ் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே நாமே உருவாக்கிய ஸ்ட்ரக்சர் இரண்டை == போட்டு ஒப்பிடப் போனால் கம்பைலரே விடாது. எதை வைத்துச் சமம் என்று சொல்வது என்பதை நாம்தான் எழுதித் தர வேண்டும். பைதானிலோ வேறு மாதிரி வம்பு. நாம் உருவாக்கிய கிளாஸின் ஆப்ஜெக்ட் இரண்டை ஒப்பிட்டால் எரர் வராது. ஆனால் நாம் எதுவும் சொல்லித் தராதவரை, உள்ளே இருப்பது ஒன்றா என்று அது பார்க்காது. இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டும்தான் பார்க்கும். அச்சு அசலாக ஒரே விவரம் இருந்தாலும் "ஃபால்ஸ்" வரும்!

கண்ணை ஏமாற்றும் மூன்று

முதல் ஏமாற்று நம்ம தமிழிலேயே இருக்கிறது. 'கோவை' என்ற சொல்லில் 'கோ' எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். க, இரட்டைக் கொம்பான ஏகாரக் குறி, கால் என்று பிரித்துச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் பார்த்தால் இரண்டும் கோவைதான், துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் 'லென்' போட்டால் முதலாவது 4, இரண்டாவது 5. == போட்டால் "ஃபால்ஸ்". ரெப்ர் கூட இங்கே கைவிட்டுவிடும். 'ஆஸ்கி' என்ற ஃபங்ஷன்தான் ஒவ்வொரு குறியின் எண்ணையும் காட்டி உண்மையைச் சொல்லும். இதற்கு மருந்தும் உண்டு. பைதானின் 'யூனிகோட்டேட்டா' மாட்யூலில் 'நார்மலைஸ்' ஃபங்ஷன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதே மாதிரி 'க' என்ற எழுத்தும் '௧' என்ற தமிழ் எண் ஒன்றும். 'எ' என்ற எழுத்தும் '௭' என்ற தமிழ் எண் ஏழும். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஆள்.

இரண்டாவது ஏமாற்று, காப்பி எடுத்ததாக நினைப்பது. ஒரு ஃபங்ஷன் லிஸ்ட்டை மாற்றிவிடுகிறதோ என்று சந்தேகம். சரி, முன்னாடி ஒரு காப்பி வைத்துக்கொண்டு அப்புறம் ஒப்பிடலாம் என்று 'முன் = பட்டியல்' என்று எழுதுகிறோம். பிறகு ஒப்பிட்டால் "ட்ரூ" வருகிறது. அப்பாடா, எதுவும் மாறவில்லை! உண்மையில் நாம் காப்பியே எடுக்கவில்லை. ஒரே லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். வீட்டில் 'குட்டி', ஸ்கூலில் வேறு பெயர் என்று கூப்பிட்டாலும் ஆள் ஒருவர்தானே? ஒரு பெயரில் மாற்றினால் மற்றதிலும் மாறும். லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் இருந்தால் சாதாரண காப்பியும் போதாது, ஏனென்றால் உள் லிஸ்ட் பொதுவாகவே இருக்கும். 'காப்பி' மாட்யூலில் உள்ள 'டீப்காப்பி' தான் அடி வரை நகல் எடுக்கும். இந்த ஏமாற்று மற்றதைவிட மோசம். ஏனென்றால், நாம் ஒழுங்காகச் சோதித்துவிட்டோம் என்ற தைரியத்தையும் சேர்த்துத் தந்துவிடுகிறது.

மூன்றாவது, புள்ளி எண்கள். 0.1 + 0.2 என்பது 0.3-க்குச் சமமா என்று பைதானைக் கேளுங்கள். "ஃபால்ஸ்" என்று சொல்லும்! கூட்டலைப் பிரிண்ட் செய்தால் 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டருக்கு கிறுக்குப் பிடிக்கவில்லை. 1-ஐ 3-ஆல் வகுத்தால் நமக்கு 0.333 என்று முடியாமல் போகிறது இல்லையா, அதே மாதிரி 0.1 என்ற எண் இருமத்தில் முடியாமல் போகும். எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே சராசரியை, சதவீதத்தை ஒப்பிடும்போது == போடக்கூடாது. வித்தியாசம் மிகச் சிறியதா என்று பார்க்க வேண்டும். 'மேத்' மாட்யூலில் உள்ள 'இஸ்க்ளோஸ்' இதற்கென்றே இருக்கிறது.

இந்த மூன்றிலும் ஒற்றுமை என்ன? புரோகிராம் வரிகளை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் மூன்றுமே மாட்டாது. தகவலைத் தோண்டிப் பார்த்தால்தான் மாட்டும்.

அந்துப்பூச்சியும் செவ்வாயும்

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்யவில்லை. அங்கே இருந்தவர்கள் பேனலைத் திறந்து பார்த்தார்கள். ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று மாட்டியிருந்தது. இயந்திரக் கோளாறை 'பக்', அதாவது பூச்சி, என்று சொல்வது அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. இங்கே நிஜமாகவே பூச்சி!

இந்தக் கதை பலருக்கும் தெரியும். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது பூச்சியை இல்லை. அந்தப் பூச்சியை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை. தூக்கிப் போடவில்லை. டேப் போட்டு லாக் நோட்டில் ஒட்டினார்கள். எந்தப் பேனல், எந்த ரிலே, எத்தனை மணி என்று எழுதி வைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் போன்ற பெரிய அறிஞர் வேலை பார்த்த குழு அது. தங்கள் இயந்திரம் தப்பு செய்ததை எழுத அவர்கள் வெட்கப்படவில்லை. இன்று அந்த நோட்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், பூச்சியோடு, பாதுகாப்பாக இருக்கிறது.

இன்னொரு சம்பவம், 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் 23. நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாயை அடைந்த நேரத்தில் தொலைந்து போனது. காரணம் என்ன? தரையில் ஒரு சாஃப்ட்வேர் உந்துவிசைக் கணக்கை பவுண்டு-விசை நொடியில் கொடுத்தது. அதை வாங்கிய சாஃப்ட்வேர் நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கும் மற்றதுக்கும் சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். எண்ணைப் பார்த்தால் எண்தான், அலகு தெரியாதே! பயணத்தின்போதே கணக்கு ஒத்துப்போகவில்லை என்று சிலர் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அது முறையாக எழுதப்பட்டு, ஒப்பிடப்பட்டு, தீர்க்கப்படவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது.

பார்த்தார்கள், ஒட்டினார்கள், எழுதினார்கள். அது 1947. கவனித்தும் கடைசி வரை விடாமல் பிடிக்கவில்லை. அது 1999. நாம் எந்தப் பக்கம்?

நம் ரெக்கார்டு நோட்டு

நம் ரெக்கார்டைப் புரட்டிப் பாருங்கள். நோக்கம், புரோகிராம், அவுட்புட், முடிவு. எல்லாப் பக்கத்திலும் அவுட்புட் சரி. முடிவில் "எதிர்பார்த்த வெளியீடு பெறப்பட்டது" என்று ஒரே வாக்கியம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு பூச்சிகூடக் கிடையாது! நம் ரெக்கார்டுகளின்படி பார்த்தால் ஹார்வர்டு விஞ்ஞானிகளைவிட நாம்தான் கெட்டிக்காரர்கள்.

ஆனால் நிஜத்தில் லேபில் பாதி நேரம் தப்பான அவுட்புட்டோடுதானே போராடுகிறோம்? அந்தப் போராட்டத்தில் கற்றது எதுவும் எந்த நோட்டிலும் இல்லை. இந்த வருடம் ஒருவர் கண்டுபிடித்த தப்பை அடுத்த வருடம் இன்னொருவர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது. அதுமட்டுமில்லை. சரியான அவுட்புட்டுக்கு மட்டும்தான் நோட்டில் இடம் என்றால், சரியான அவுட்புட்டை எப்படியாவது 'வரவழைக்க' வேண்டும் என்ற எண்ணம்தான் வளரும். பக்கத்து சிஸ்டத்தைப் பார்த்து எழுதுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுதுகிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உண்மையை எழுத ஒரு பக்கம் கொடுத்தோமா?

சில கேள்விகள் வரும்

"போர்ஷனை முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே போவது?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கண்மூடித்தனமாக அழித்து அழித்து எழுதுவதில் போகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் இல்லையா? ஒரு ரெப்ர் போட ஒரு நிமிடம் போதும்.

"செய்முறைத் தேர்வுக்கு வருபவர் ரெக்கார்டில் தப்பான அவுட்புட்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்?" இதுவும் சரிதான். அதனால்தான் ரெக்கார்டில் கை வைக்கச் சொல்லவில்லை. தனி நோட்டு கேட்கிறேன்.

"பிரிண்ட் போட்டுப் பார்ப்பதெல்லாம் சின்னப் பசங்க வேலை" என்று நம்மில் சிலர் சொல்வார்கள். சி மொழிப் புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவரான பிரையன் கெர்னிகனே, நிதானமாக யோசிப்பதோடு தேவையான இடத்தில் பிரிண்ட் போடுவதைவிடச் சிறந்த கருவி இல்லை என்ற கருத்துடையவர். அவரே போடும்போது நமக்கென்ன கௌரவம்? பிரிண்ட் வேண்டாம் என்பவர்களுக்கு, பைதானின் ஐடில்-லேயே டீபக்கர் இருக்கிறது. ஒவ்வொரு வரியாக நிறுத்தி, வேரியபிளில் இருப்பதைக் காட்டும். எதுவுமே இல்லையென்றால் ஒரு பேப்பரில் கட்டம் போட்டு, வரிக்கு வரி மதிப்பு எழுதிப் பார்க்கலாம். கரண்ட் போனால்கூட இது வேலை செய்யும்!

"இப்போதான் ஏஐ இருக்கே, அதுகிட்டக் கேட்டா திருத்தித் தந்துடுமே?" தரும். ஆனால் நாம் புரோகிராமை மட்டும் கொடுத்து "வேலை செய்யலை" என்று சொன்னால், கோவைக்குப் பின்னால் இருக்கும் காலி இடம் அதற்கு எப்படித் தெரியும்? நம்மைப் போலவே அதுவும் ஊகிக்கத்தான் வேண்டும். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்கே வலி என்று சொல்லாத மாதிரி. உள்ளே இருப்பதைப் பார்த்து எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் எந்த உதவியும் பயன்படும்.

என் வேண்டுகோள்

ஒன்று: லேபில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் பக்கத்திலும் ஒரு 40 பக்க நோட்டு. அதில் நான்கு கட்டம். எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது என்ன, எப்படித் தீர்ந்தது. பெயர் எழுத வேண்டாம், தேதி போதும். யார் தப்பு செய்தார் என்பது முக்கியமில்லை, என்ன தப்பு என்பதே முக்கியம்.

இரண்டு: மாதத்தில் ஒரு பீரியட், ஆசிரியர் வேண்டுமென்றே கெடுத்துத் தரும் புரோகிராம். திருத்தியதற்கு மட்டுமில்லாமல், எதைப் பார்த்துக் கண்டுபிடித்தோம் என்று சொல்வதற்கும் பாராட்டு.

மூன்று, இது நமக்கு: பக்கத்தில் இருப்பவர் உதவி கேட்டால் "என்னோடதைப் பார்த்து எழுதிக்கோ" என்று சொல்ல வேண்டாம். "உன் லிஸ்ட்டுக்குள்ள என்ன இருக்கு, பிரிண்ட் போடு, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வோம். முதலாவதில் ஒரு புரோகிராம் கிடைக்கும். இரண்டாவதில் ஒரு பழக்கம் கிடைக்கும்.

நாளைக்கு நம்மில் யாரோ ஒருவர்தான் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் சாஃப்ட்வேரை எழுதப் போகிறோம். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவைச் சேமிக்கும் சாஃப்ட்வேரை எழுதப் போகிறோம். ஒரு காலி இடத்தால் ஒருவருடைய விண்ணப்பம் "பெயர் ஒத்துப்போகவில்லை" என்று திரும்பலாம். ஒரு சார்ட்டால் ஒருவருடைய மார்க் வேறு பாடத்துக்குப் போகலாம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு நம் புரோகிராமைத் திறந்து பார்க்க முடியாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

நோட்டுக்கு அட்டை போட்டுத் தர எங்கள் வகுப்பு தயார். ஆசிரியர்கள் அனுமதி கொடுத்தால் போதும்!



– +2 கணினி அறிவியல் பிரிவு